மூணு கண்ணு பாலமும் ஒத்தக் குழாயும்

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு 'நெடுஞ்சாலைத் திட்டங்களும் நீர்நிலை அனுமதிகளும்'. நிகழ்ச்சி நிரலைப் பார்த்துட்டு ஒரு தோழர் கேட்டார்: "என்ன தோழர், தலித் விடுதலை பேசுற எடத்துல பொதுப்பணித்துறை சமாச்சாரம் பேச வந்திருக்கீங்க?" நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலை நான் எங்க ஆயாவோட சாவிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கு.

எங்க ஊரோட அமைப்பை முதலில் சொல்லிடறேன். மேற்கே ஏரி. ஏரிக்குக் கீழே மேட்டுல ஊர். ஊருக்குக் கிழக்கே, பள்ளத்துல சேரி. உங்க ஊரும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். ஏரி நிரம்பிக் கலங்கல் வழிஞ்சா அந்தத் தண்ணி ஓடையா இறங்கிச் சேரியை ஒட்டி ஓடும். ஓடைக்கு இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் எங்க சுடுகாடு. சேரிக்குக் கிழக்கே, வடக்கு தெற்காக நெடுஞ்சாலை. ஓடை அந்தச் சாலையைக் கடக்கிற எடத்துல வெள்ளைக்காரன் காலத்துக் கல்லுப் பாலம் ஒண்ணு இருந்தது. மூணு கண்ணு பாலம்னு சொல்லுவோம். எவ்வளவு மழை பெய்தாலும் மூணு கண்ணுலயும் தண்ணி சீறிக்கிட்டுப் போகும். நாங்க சின்னப் பசங்க பாலத்து மேல நின்னு வேடிக்கை பார்ப்போம்.

2009ல் சாலையை அகலப்படுத்தினாங்க. அகலப்படுத்தினது மட்டுமில்ல, நாலடி உயர்த்தினாங்க. மூணு கண்ணு பாலத்தை இடிச்சுட்டு ஒத்த சிமெண்டுக் குழாயைப் பதிச்சாங்க. அன்னைக்கு அது எங்க யாருக்கும் பெரிய விஷயமாப் படல. எங்க பசங்களே அந்த வேலைக்குக் கூலிக்குப் போனாங்க. அந்தக் குழாயை உருட்டி எறக்கினதுல என் சித்தப்பாவும் ஒருத்தர்.

2015 நவம்பர் மழை உங்களுக்கு நினைவிருக்கும். கடலூர் மாவட்டத்தையும் சென்னையையும் புரட்டிப்போட்ட மழை. ஏரி கலங்கல் வழிஞ்சது. வந்த தண்ணி குழாய்க்குள்ள நுழைய முடியாமத் திரும்பியது. சாலை ஏரிக்கரை ஆச்சு. சேரி ஏரி உள்வாய் ஆச்சு. ஒன்பது நாள் தண்ணி நின்னது. நாலாவது நாள் ஆயா செத்துப் போச்சு. வெள்ளத்தில் அடிச்சிக்கிட்டுப் போகல, வயசான சாவுதான். ஆனால் புதைக்கப் போகணுமே. சுடுகாட்டுப் பாதை மார்பளவுத் தண்ணியில. தண்ணி இல்லாத வழி ஒண்ணு இருந்தது. ஊர்த்தெரு வழியா மேற்கே போய் ஏரிக்கரையைச் சுத்தி வரணும். அந்தத் தெருவுல எங்க பொணம் என்னைக்கும் போனதில்ல. அன்னைக்கும் போகல. கேட்டோம், "புதுசா வழக்கம் ஏற்படுத்தாதீங்க" என்றார்கள். லாரி டியூபு ரெண்டைச் சேர்த்துக் கட்டி, அதுமேல கதவுப் பலகையைப் போட்டு, ஆயாவைக் கிடத்தித் தள்ளிக்கிட்டுப் போனோம். பறை அடிக்க முடியல. தோல் நனைஞ்சா சத்தம் வராது.

அந்த ஆத்திரத்துல 2016ல் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டேன். 'இந்த ஓடையில் குழாய் பதிக்க யார் அனுமதி கொடுத்தது? என்ன அடிப்படையில்?' மூணு தாள் வந்தது. எந்தச் சாலை, எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்று நான் பெயர் சொல்லப் போவதில்லை. ஒரு அதிகாரியின் கெட்ட எண்ணத்தைப் பற்றியது அல்ல என் பேச்சு. கெட்ட எண்ணமே இல்லாமல் இது எப்படி நடக்கிறது என்பதைத்தான் பார்க்கணும்.

முதல் தாள் தடையின்மைச் சான்று. 'நீரோட்டத்திற்கு எவ்வித இடையூறும் ஏற்படக் கூடாது' என்று நிபந்தனை போட்டிருந்தது. இரண்டாவது தாள் பாலங்களின் பட்டியல். இத்தனையாவது கிலோமீட்டர், இருப்பது மூன்று கண், அமைக்கப்போவது ஒற்றைக் குழாய். எதிரே குறிப்பு: நீரோட்டம் குறைவு. பார்வையிட்ட தேதி சித்திரை மாசம். சித்திரையில் எங்க ஓடை ஆடு மேயுற எடம், தோழர்களே. மூன்றாவது தாள் வரைபடம். அதில் ஏரி இருந்தது, ஓடை இருந்தது, சாலை இருந்தது. சேரி இருக்கிற எடம் வெறும் வெள்ளைக் காகிதம். நத்தம் என்று ஒரே ஒரு புல எண். நூத்திச் சொச்சம் வீடு அந்த எண்ணுக்குள்ள முழுகிக் கிடந்தது, மழை வருவதற்கு முன்னாலேயே.

அனுமதி இல்லாமல் நடந்த அநியாயம் என்று நினைத்துத்தான் நான் தேடப் போனேன். அனுமதி பெற்றே நடந்திருந்தது. அதுதான் என்னைப் படிக்க வைத்தது.

நீர்நிலையில் சாலை போட முறைப்படி அனுமதி வாங்குகிற ஏற்பாட்டை மிக விரிவாக வகுத்து வைத்திருக்கிற நாடு அமெரிக்கா. அதனால் அங்கே கொஞ்சம் போய்ப் பார்ப்போம். நமக்கும் அங்குள்ள கறுப்பின மக்களுக்கும் இருக்கிற உறவு இன்றைக்கு வந்ததல்ல. 1946ல் அம்பேத்கர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். டுபாய்ஸ் பதில் எழுதினார். 1972ல் பம்பாயில் தோன்றிய தலித் பேந்தர்ஸ் பெயரையே அங்கிருந்துதான் எடுத்தது. அவர்கள் போராட்டத்தைப் படித்த நாம் அவர்கள் வாசலில் தேங்குகிற தண்ணியையும் படிக்கணும்.

1972ல் அங்கே தூய நீர்ச் சட்டம் வந்தது. அதன் 404ஆம் பிரிவு சொல்கிறது: சட்டத்தின் வரையறைக்குள் வருகிற ஆற்றிலோ ஓடையிலோ சதுப்பிலோ மண் கொட்டி நிரப்ப வேண்டுமானால் ராணுவப் பொறியாளர் படையிடம் அனுமதி வாங்க வேண்டும். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நினைத்தால் அந்த அனுமதியைத் தடுக்கவும் முடியும். 401ஆம் பிரிவின்படி நீரின் தரம் கெடாது என்று மாநிலமும் சான்று தர வேண்டும். அனுமதிக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நீர்நிலையைத் தவிர்க்கப் பார். முடியாவிட்டால் சேதத்தைக் குறை. அதற்கும் மேல் மிஞ்சுவதற்கு ஈடு செய். 1990ல் இரண்டு அமைப்புகளும் செய்துகொண்ட உடன்பாட்டில் இந்த வரிசை உறுதியானது. கேட்க நல்லாத்தான் இருக்கு. நமக்கு இந்த அளவுக்குக்கூட இல்லை.

ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள். அனுமதி இரண்டு வகை. ஒன்று தனி அனுமதி. அதற்குப் பொது அறிவிப்பு உண்டு, மக்கள் கருத்துச் சொல்லலாம், வெள்ள ஆபத்தையும் சேர்த்துப் பொதுநலனைப் பரிசீலிக்க வேண்டும். இன்னொன்று பொது அனுமதி. ஒரே மாதிரிச் சின்ன வேலைகளுக்கு நாடு முழுவதற்கும் முன்கூட்டியே கொடுத்து வைத்திருப்பது. சாலை, ரயில் பாதைக்கான பொது அனுமதியின் எண் 14. கடல் ஏற்றவற்றம் எட்டாத நீர்நிலையில் அரை ஏக்கர் வரைக்கும் இழப்பு இதற்குள் அடங்கும். தனித்தனிச் சாலைக்குப் பொது அறிவிப்புக் கிடையாது. இன்னொரு விஷயமும் இருக்கு: சாலை எத்தனை ஓடையைக் கடந்தாலும் ஒவ்வொரு கடவையும் தனித் திட்டமாக எண்ணப்படும். இருபது ஓடையில் இருபது முறை அரை ஏக்கருக்குள் நிரப்பினால், கணக்கில் அது இருபது சின்ன வேலை. அங்கே குடியிருக்கிறவனுக்கு மட்டும்தான் அது ஒரே சாலை.

அடுத்தது ஈடு செய்வது. இங்கே பத்து ஏக்கர் சதுப்பை நிரப்பிவிட்டு, வேறொரு இடத்தில் தனியார் உருவாக்கி வைத்திருக்கிற 'சதுப்பு வங்கி'யில் அதற்குச் சமமான வரவை விலைக்கு வாங்கிக் கொள்ளலாம். ஃபுளோரிடாவின் சதுப்பு வங்கிகளை ஆராய்ந்த ரூல், சால்ஸ்மன் என்ற இரண்டு சட்ட அறிஞர்கள் 2006ல் ஒன்றைக் காட்டினார்கள்: நகரத்தில், ஜனம் நெருக்கமாக வாழ்கிற இடத்தில் அழிகிற சதுப்பு, ஆள் குறைவான கிராமப்புறத்தில் ஈடு செய்யப்படுகிறது. கணக்குப் புத்தகத்தில் ஏக்கர் குறையவில்லை. கொக்குக்கும் தவளைக்கும் இடம் கிடைத்தது. ஆனால் வெள்ளத்தைக் குடித்து வைத்துக்கொண்டிருந்த சதுப்பு, தண்ணி ஏறுகிற வீட்டுப் பக்கத்தில் இப்போது இல்லை. சதுப்பைப் பெயர்த்து வைத்தார்கள், வெள்ளம் பெயரவில்லை.

இப்போது அலபாமா மாநிலத்துக்கு வாங்க. காஃபி வட்டாரத்தில் எல்பா என்ற ஊருக்கு அருகே ஷைலோ என்ற கறுப்பினக் குடியிருப்பு. அடிமைத்தனம் ஒழிந்த பிறகு பாடுபட்டு நிலம் வாங்கித் தலைமுறையாக இருக்கிறவர்கள். 84ஆம் எண் நெடுஞ்சாலை இரண்டு தடமாக அவர்கள் வாசலோடு போய்க்கொண்டிருந்தது. அதை நாலு தடமாக்கி உயர்த்தினார்கள். 2018ல் வேலை முடிந்தது. சாலை மேலே, வீடுகள் கீழே. சாலையில் விழுகிற மழைத்தண்ணி குழாய் வழியாக அந்தக் குடியிருப்பை நோக்கி இறங்குகிறது. சில குடும்பங்களிடம் சிறு தொகையைக் கொடுத்து, இனி வழக்குப் போடக்கூடாது என்கிற கட்டுப்பாட்டை நிலப் பத்திரத்திலேயே ஏற்றியிருந்தார்கள்.

இதைப் படித்தபோது எங்க சேரியை யாரோ இங்கிலீசில் எழுதி வைத்த மாதிரி இருந்தது எனக்கு.

அந்த எல்பாவில் பிறந்தவர்தான் ராபர்ட் புல்லார்ட். சுற்றுச்சூழல் நீதி என்கிற கருத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர். குப்பைமேடும் நச்சு ஆலையும் ஏன் கறுப்பர் குடியிருப்பைத் தேடி வருகின்றன என்று 1990லேயே புத்தகம் எழுதியவர். கடைசியில் அவர் பிறந்த ஊருக்கே தண்ணி வந்தது. ஷைலோ மக்களோடு அவர் நின்றார். 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் ஆறாம் தலைப்பின் கீழ் மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் 2022ல் விசாரணை தொடங்கியது. 2024 ஏப்ரலில் போக்குவரத்து அமைச்சர் நேரில் வந்து பார்த்தார். 2024 அக்டோபரில் மாநிலத் துறையோடு ஒரு தீர்வு ஒப்பந்தம் போட்டார்கள். அதாவது, தண்ணீர்ச் சட்டம் அவர்களுக்குக் கை கொடுக்கவில்லை. 404 கேட்கிற கேள்வி 'நீர்நிலையில் எவ்வளவு மண் கொட்டுகிறாய்?' என்பது. 'யார் வாசலில் தண்ணியை விடுகிறாய்?' என்று கேட்க அவர்கள் குடியுரிமைச் சட்டத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது.

அதிலும் ஒரு வரம்பு இருக்கு. அரசுப் பணம் பெறும் துறையின் செயலால் ஒரு இனத்துக்கு மட்டும் பாதிப்பு வந்தால், உள்நோக்கத்தை நிரூபிக்காமலேயே நிர்வாகத்திடம் புகார் செய்யலாம் என்று விதிகள் இருந்தன. ஆனால் அந்த விதிகளை வைத்துத் தனிமனிதர் நீதிமன்றம் போக முடியாது என்று 2001லேயே அவர்கள் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆக, ஆட்சியில் இருப்பவன் மனசு வைத்தால்தான் விசாரணை. மத்திய அரசுத் துறைகள் தங்கள் வேலையில் சுற்றுச்சூழல் நீதியைப் பார்க்கணும் என்று 1994ல் கிளிண்டன் போட்ட ஆணையை 2025 ஜனவரியில் டிரம்ப் ரத்து செய்தார். சதுப்பு என்பதன் வரையறையையும் 2023ல் சாக்கெட் வழக்கில் உச்சநீதிமன்றம் சுருக்கியது. நிலையான நீரோட்டத்தோடு மேற்பரப்பில் இடைவிடாமல் சேர்ந்திருக்கும் சதுப்புக்குத்தான் இனி மத்தியச் சட்டத்தின் பாதுகாப்பு. போராடி வாங்கின காகிதம் போராட்டம் ஓய்ந்தால் கிழிக்கப்படும் என்பதற்கு இது பாடம்.

ஜெயித்த கதையும் ஒன்று உண்டு. தென் கரோலினாவில் ஃபிலிப்ஸ் என்ற குடியிருப்பு. 1870களில் விடுதலையான அடிமைகள் நிலம் வாங்கி அமைத்தது. 41ஆம் எண் சாலை அதன் நடுவே போகிறது. அதை ஐந்து தடமாக அகலப்படுத்தலாம் என்று 2020ல் வட்டார நிர்வாகம் முடிவெடுத்தது. பக்கத்திலேயே புதுப் பணக்காரக் குடியிருப்புகள் வந்து, அவர்கள் கார்களால் வந்த நெரிசல் அது. ஃபிலிப்ஸ் மக்கள் விடவில்லை. கூட்டம் கூட்டமாகப் போய் எதிர்த்தார்கள். அந்த முடிவு கைவிடப்பட்டு, போக்குவரத்தின் பாரம் புதுக் குடியிருப்புப் பக்கத்துச் சாலைகளுக்கு மாற்றப்பட்டது. காகிதத்தில் 'மாற்று வழி' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்ப அவர்கள் முடிவு எடுப்பதற்கு முன்னாலேயே போய் நின்றார்கள்.

சரி, நம்ம நாட்டுக்கு வருவோம். இங்கே 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை இருக்கு. 2013ல் அதைத் திருத்தினார்கள். ஏற்கெனவே இருக்கிற தேசிய நெடுஞ்சாலையை விரிவாக்கினால், நீளம் 100 கிலோமீட்டருக்கு மேலும், கூடுதலாக எடுக்கும் அகலம் 40 மீட்டருக்கு மேலும் இருந்தால்தான் முன் அனுமதி வேண்டும். 99 கிலோமீட்டருக்கு வேண்டாம். அமெரிக்காவில் ஓடை ஓடையாகத் துண்டு போடுகிறான். நம்ம ஆள் கிலோமீட்டராகத் துண்டு போடலாம். புதிதாக நிலம் எடுக்காத விரிவாக்கத்துக்கு மக்கள் கருத்துக் கேட்பும் தேவையில்லை என்று அந்த அறிவிக்கையே விலக்குக் கொடுக்கிறது. நிலம் எடுக்காமல் நாலடி உயர்த்தினால் யார் முழுகுவான் என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

சென்னை-சேலம் எட்டு வழிச் சாலை வழக்கு ஞாபகம் இருக்கும். 277 கிலோமீட்டர். நிலம் எடுக்கிற அறிவிப்பை 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம், நிலம் எடுக்கும் அறிவிப்புக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டியதில்லை, வேலை தொடங்கும் முன் வாங்கினால் போதும் என்றது. நிலத்தைக் குறித்துவிட்டு அப்புறம் 'தவிர்க்க முடியுமா' என்று பார்ப்பது எப்படிப்பட்ட பார்வை என்பதை உங்கள் யோசனைக்கு விடுகிறேன்.

அடுத்து, 2017ஆம் ஆண்டுச் சதுப்புநில விதிகள். சதுப்புநிலம் என்றால் என்ன என்று வரையறுத்துவிட்டு, இவையெல்லாம் அதில் சேராது என்று ஒரு பட்டியல் போடுகிறது: ஆற்றுக் கால்வாய், நெல் வயல், குடிநீருக்காக மனிதர் கட்டிய நீர்நிலை, பாசனத்துக்காகக் கட்டிய அமைப்பு. பாசன ஏரி சேராது, நெல் வயல் சேராது என்றால் தமிழ்நாட்டில் மிச்சம் என்ன இருக்கு? பள்ளிக்கரணை மாதிரி, வேடந்தாங்கல் மாதிரி, 2022ல் ராம்சார் பட்டியலில் ஏறிய இடங்களுக்குப் பாதுகாப்பு உண்டு, நல்லதுதான். ஆனால் எங்க ஏரியும் ஓடையும் அந்த விதியின் கண்ணுக்கே தெரியாது. அங்கே மிச்சம் இருப்பது துறைக்குத் துறை கொடுத்துக்கொள்கிற தடையின்மைச் சான்று ஒன்றுதான். ஒரு அரசு அலுவலகம் இன்னொரு அரசு அலுவலகத்துக்கு எழுதுகிற கடிதம். நடுவில் நாம் கிடையாது. 2023ல் தமிழ்நாடு சட்டமன்றம் நில ஒருங்கிணைப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களின் நிலத்துக்குள் ஓடையோ வாய்க்காலோ இருந்தால் அந்த நிலத்தையும் சேர்த்து ஒருங்கிணைத்துக் கொடுக்க அது வழி செய்கிறது.

இந்த இடத்தில் நாம் நம்மோடும் கொஞ்சம் சண்டை போட்டுக்கணும், தோழர்களே.

ஒன்று. நாம் சாலைக்கு எதிரிகளா? இல்லை. ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாத காலத்தில், யாரும் தடுக்க முடியாத முதல் தெரு நமக்கு நெடுஞ்சாலைதான். அதில் பஸ் ஏறித்தான் நானும் நீங்களும் படிக்க வந்தோம். கிராமத்தைப் புனிதமாக்கியவர்களை 1948ல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் சாடினார். அவர் வழி வந்தவர்கள் 'பழைய கிராமம் அழகு, சாலை வேண்டாம்' என்று பாட முடியாது. சாலை வேண்டும். ஆனால் அது எங்க தலைக்கு மேல போகக் கூடாது.

இரண்டு. 'நீர்நிலையைக் காப்போம்' என்கிற கோஷம் மட்டும் நமக்குப் பாதுகாப்பா? அதுவும் இல்லை. ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007ல் இங்கே சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லி புல்டோசர் வரும்போது முதலில் எந்த வீட்டுக்கு வருகிறது? வேறு எங்கேயும் இடம் கொடுக்காததால் ஓடைப் புறம்போக்கில் குடிசை போட்டவன் வீட்டுக்கு. சென்னையில் ஆற்றோரத்துக் குடிசைகளை இடித்து ஜனங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அந்தப் பெரும்பாக்கமே பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்வான பகுதி. அந்தச் சதுப்பின் மேலேயே இருநூறு அடி ரேடியல் சாலை போகிறது. ஒரே புறம்போக்கு; குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு, சாலை போட்டால் அனுமதி. அதனால் சூழலியல் பேசுகிற நண்பர்களிடம் நாம் சொல்ல வேண்டியது இதுதான்: தண்ணியை மட்டும் எண்ணாதே. தண்ணி யார் மேல நிக்குதுன்னும் எண்ணு.

மூன்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நமக்கு இருக்கே என்பீர்கள். நம்முடைய நிலத்தின் மேலும் தண்ணீரின் மேலும் நமக்குள்ள உரிமையில் தலையிட்டால் குற்றம் என்று அதில் இருக்கு. ஆனால் அது ஒரு குற்றவாளியைக் கேட்கிற சட்டம். சாதிப் பேரைச் சொல்லித் திட்டினவன் வேணும், சாட்சி வேணும். சிமெண்டுக் குழாய் யாரையும் திட்டல. அது சும்மா சின்னதா இருக்கு, அவ்வளவுதான். இந்தச் சமூகத்தில் சாதி பல இடங்களில் இப்போது ஆள் உருவத்தில் இல்லை. வரைபடத்தின் வெள்ளைக் காகிதமாக, பட்டியலின் 'குறிப்பு' என்கிற கட்டமாக இருக்கு. 1927ல் மகாத்தில் அம்பேத்கர் நம்மைக் குளத்துக்குக் கூட்டிப் போனார், தண்ணியைத் தொட விடாததால். இன்னைக்கு அதே தண்ணியை நம்ம வீட்டுக்குள்ளயே விட்டிருக்காங்க. ரெண்டுலயும் தண்ணி எங்கே போகணும்னு முடிவு பண்ற இடத்துல நாம இல்ல.

அந்த இடத்துக்கு எப்படிப் போவது? மாணவர்கள் நிறையப் பேர் இருக்கீங்க, குறிச்சுக்குங்க.

சிறுபாலம் கட்ட இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி நூல் ஒன்று இருக்கு, எஸ்.பி. 13 என்று பெயர். ஓடைக்கு எவ்வளவு பரப்பிலிருந்து தண்ணி வருது, உச்ச வெள்ளம் எவ்வளவு என்று கணக்குப் போடச் சொல்கிறது. அதிகபட்ச வெள்ளம் எந்த உயரம் வரைக்கும் வந்தது என்று அந்தப் பகுதி மக்களிடம் விசாரிக்கவும் சொல்கிறது. அந்த விசாரணை எந்தத் தெருவில் நடக்குது? மேட்டுல இருக்கிற ஊர்ல போய், திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவரைக் கேட்டா, 'இங்க வெள்ளமே வந்ததில்லீங்க'ன்னுதான் சொல்வார். அவர் பொய் சொல்லல, அவருக்கு வந்ததில்ல. அதனால் முதல் வேலை, நம்ம சேரியில் எந்த வருஷம் எந்த வீட்டுச் சுவர்ல எவ்வளவு உயரம் தண்ணி நின்னதுன்னு அளந்து, சுவத்துல கோடு போட்டு, தேதி போட்டு, போட்டோ எடுத்து வைங்க. வயசானவங்களைக் கேட்டு எழுதுங்க. அதுதான் நம்ம தரப்பு வரைபடம்.

இரண்டாவது, தகவல் உரிமைச் சட்டம் 2005. பத்து ரூபாய். முப்பது நாளில் பதில் தரணும். 'அனுமதி உண்டா' என்று மட்டும் கேட்காதீங்க, உண்டு என்று வந்துவிடும். நான் முதலில் செய்த தப்பு அது. பழைய பாலத்தின் கண் எத்தனை, அகலம் எவ்வளவு, புதுசு எவ்வளவு, வெள்ளக் கணக்கீட்டுத் தாளின் நகல், பார்வையிட்ட தேதி, சாலையின் பழைய உயரம், புது உயரம், யாரிடம் விசாரித்தார்கள். இப்படிக் கேளுங்க.

மூன்றாவது, கிராம சபை. 2022ல் வருஷத்துக்கு ஆறு முறை என்று ஆக்கினாங்க. அதில் ஒண்ணு மார்ச் 22, உலக தண்ணீர் நாள். அன்னைக்கு மரம் நடுவோம்னு தீர்மானம் போட்டுட்டு வீட்டுக்குப் போயிடறாங்க. நம்ம ஆட்கள் மொத்தமாப் போய் உட்கார்ந்து, 'இந்த ஓடையில் மூன்று கண் பாலம் திரும்ப வேண்டும், சுடுகாட்டுப் பாதை உயர்த்தப்பட வேண்டும்' என்று தீர்மானம் எழுத வைக்கணும். பதிவேட்டில் ஏறின வரிக்கு ஒரு மதிப்பு உண்டு. முக்கியமாக, இதெல்லாம் கல் நடும்போதே நடக்கணும். குழாய் பதிச்சப்புறம் போனா நிவாரணம்தான் கிடைக்கும். ஷைலோவுக்கும் ஃபிலிப்ஸுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

நிறைய சாலை மறியலுக்கு அப்புறம் 2019ல் எங்க ஓடையில இன்னொரு குழாய் பதிச்சாங்க. இப்போ ரெண்டு கண். போன மழையில் தண்ணி மூணு நாள்ல வடிஞ்சது. முன்னேற்றம்தான்னு சொல்லிக்கலாம். ஆனா போன மாசம் மறுபடியும் அளந்துட்டு, கல்லு நட்டுட்டுப் போயிருக்காங்க. சாலை இன்னும் அகலமாகப் போகுதாம். சர்வே எடுக்க வந்த பையன்கிட்ட எங்க சித்தப்பா, அதான் அந்தக் குழாயை உருட்டினவர், வரைபடத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கார். காட்டியிருக்கான். சேரி இருக்கிற எடம் இப்பவும் வெள்ளையாத்தான் இருந்ததாம். சித்தப்பா அவன் பேனாவை வாங்கி, அந்த வெள்ளையில வீடுகளைப் புள்ளி புள்ளியா வெச்சுக் கொடுத்திருக்கார். நூத்திப் பதினாலு புள்ளி. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டம் போட்டு, 'இது சுடுகாடு, எங்கம்மா இங்கதான் இருக்கு'ன்னு சொல்லியிருக்கார்.

அந்தத் தாள் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா, வழியிலேயே கிழிஞ்சதா தெரியாது. அதைக் கேட்டு அடுத்த வாரம் விண்ணப்பம் போடுகிறோம். கூட வர விருப்பம் உள்ளவங்க கூட்டம் முடிஞ்சதும் இருங்க, பேசுவோம்.

ஜெய்பீம்.